விழுந்த துரையும் பொய் சொல்லாத அத்தானும்

என் அத்தானிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

அக்காவைக் கட்டிக்கொண்ட புதிதில் எங்கள் வீட்டு விருந்தில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டே, "மாப்பிள்ளை, குழம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். ஊரில் எந்த மாப்பிள்ளையும் இதற்கு ஒரே பதிலைத்தான் சொல்வான். அத்தான் காது மடலை ஒரு தடவை தடவிவிட்டு, "உப்பு கூட, அத்தை. புளியும் பழசு" என்றார். அம்மாவின் விசிறி நின்றுவிட்டது. நான் அவசரமாக ரசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பிற்பாடு அக்கா கொல்லைப் பக்கம் கூட்டிப்போய்க் கடிந்துகொண்டபோது, "கேட்டாக, சொன்னேன். கேக்காட்டா சொல்லியிருக்க மாட்டேனே" என்றாராம்.

அதுதான் அவர் சட்டம். வலியப் போய் ஒருவரையும் குறை சொல்லமாட்டார். நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருக்கச் சொன்னாலும் இருப்பார். ஆனால் கேட்டுவிட்டால் தீர்ந்தது. காது மடலைத் தடவுவார். அந்தக் கை காதுக்குப் போவதைக் கண்டாலே எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடுவார்கள்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அக்கா ஆயுசு முழுக்க அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. கோவிலில் ஜெபத்துக்குப் பெயர் எழுதிக் கொடுக்கச் சொன்னால்கூட, "ஏலே, நீ எழுதிக் குடுத்துரு" என்று என்னிடம்தான் தள்ளிவிடுவாள். அவள் சொல்லாத பெயரை நான் எதற்கு அச்சில் ஏற்ற வேண்டும்? பாளையங்கோட்டையில் பழைய ஆட்களிடம் 'படக்காரர்' என்று கேட்டால் போதும், தெரியும்.

ஆம், போட்டோ பிடிப்பதுதான் தொழில். ஜெர்மன் சண்டை வருவதற்குக் கொஞ்ச வருஷம் முன்னால், எங்கள் பக்கத்தில் அந்தத் தொழில் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மருந்து பட்டுக் கறுத்துப்போன விரல்கள், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, நெடுநெடுவென்ற உயரம். அக்கா சொல்லுவாள்: "ஒட்டடைக் கம்புக்குக் கோட்டு மாட்டுன மாதிரி." அதையும் ஒருநாள் அவரிடமே, "நான் சொல்லுதது சரிதானே?" என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, "சரிதான்" என்றார்.

இப்படிப்பட்டவர் முகத்தைப் படம் பிடிக்கும் தொழிலுக்கு வந்ததை என்னவென்று சொல்ல! தச்சநல்லூரிலிருந்து ஒரு நெல் வியாபாரி வந்தார். பெரிய கை. சரிகைத் தலைப்பாகை, கடுக்கன், கைத்தடி எல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பிடித்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் படத்தை வாங்கிப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

"என்னவே இது? முகம் உம்முன்னு, கன்னமெல்லாம் தொங்கிக்கிட்டு... நல்லாவா இருக்கு?"

நான் அப்போது அங்கேதான் இருந்தேன். கண்ணைக் காட்டினேன். இருமிப் பார்த்தேன். கை காதுக்குப் போய்விட்டது.

"படம் நல்லாத்தான் வந்திருக்கு, அண்ணாச்சி. முகம்தான் அப்படி."

தச்சநல்லூர்ப் பக்கமிருந்து அதற்கப்புறம் ஓர் ஈ காக்காய் வரவில்லை.

எங்கள் சபைக் குருவான ஐயரையும் விட்டுவைக்கவில்லை. ஈஸ்டர் ஆராதனை முடிந்து வாசலில் எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டு நின்ற ஐயர், "இன்னைக்குப் பிரசங்கம் எப்படி?" என்று இவரிடம் போய்க் கேட்டுவைத்தார். "நீளம், ஐயரே. பாதியில நாலு பேர் தூங்கினாக. அதுல உங்க வீட்டம்மாவும் உண்டு" என்றார். ஐயர் நல்ல மனுஷர், சிரித்துவிட்டார். வீட்டம்மாதான் வெகுகாலம் அக்காவோடு பேசவில்லை.

எங்கள் வேதப் பேச்சில் கட்டளைக்குக் 'கற்பனை' என்று பெயர். பத்துக் கற்பனைகளில் ஒன்பதாவது, பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பது. மற்ற ஒன்பதைப் பற்றி அத்தான் இவ்வளவு அலட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஓய்வுநாளில்கூடப் படம் பிடித்த கண்ணாடித் தகடு கழுவுவார். இந்த ஒன்றை மட்டும் குரங்குப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். கற்பனை என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டல்லவா? அது அவரிடம் மருந்துக்கும் கிடையாது.

இதெல்லாம் சிரிக்கிற கதைகள். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு.

நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் தூரத்தில் இருந்தார்கள். படம் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பெண் லட்சணமானவள். ஆனால் கன்னத்திலும் நெற்றியிலும் அம்மைத் தழும்பு. தகட்டின் மேல் பென்சிலால் பைய தட்டித் தட்டித் தழும்பை மறைத்துவிடலாம். எல்லாப் படக்காரர்களும் செய்கிற காரியம்தான். வாத்தியார் கையைப் பிசைந்துகொண்டு அதைத்தான் கேட்டார். அத்தான் மாட்டேன் என்றுவிட்டார். படம் உள்ளபடியே போயிற்று. அந்தச் சம்பந்தம் முறிந்தது.

அந்தப் பெண் ஒருநாள் எங்கள் அக்கா வீட்டு அடுக்களையில் வந்து உட்கார்ந்து அழுதாள். ஒரு சொல் திட்டவில்லை, சும்மா அழுதாள். அவள் போனபிறகு அக்கா கையில் இருந்த அகப்பையைத் தரையில் வீசினாள்.

"உங்க உண்மையைக் கொண்டுபோய் ஆத்துல போடுங்க! ஒரு பொண்ணு வாழ்க்கையைவிட அது பெருசா?"

"பென்சிலால அழிச்சிருப்பேன். கல்யாணத்தன்னைக்கு அவன் கண்ணால பாப்பானே. அப்பம் யாரு அழுவா?" என்றார் அத்தான்.

அவர் சொன்னது நியாயம்தான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. சாப்பிடாமல் என்ன பிரயோஜனம்? அந்த நாளிலிருந்து, அவரை யாராவது ஒன்று கேட்டால் எனக்குச் சிரிப்பு வருவது நின்றுபோயிற்று.

நான் அப்போது கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா. ஒருநாள் எங்கள் மேலதிகாரி சிரஸ்தார் கூப்பிட்டனுப்பினார். சீமையில் யாரோ ஒரு வயதான அம்மாளாம். அவளுடைய பாட்டனாரின் தம்பி, பாளையக்காரர் சண்டை நடந்த காலத்தில் எங்கள் ஜில்லாவுக்கு வந்து, ஒரு கோட்டையைப் பிடிக்கிற சண்டையில் செத்துப்போன கும்பினிப் பட்டாளத்து அதிகாரி. செத்த இடத்தில் அவருக்கு ஒரு ஞாபகக் கல் நிற்கிறது. கண் மூடுவதற்குள் அந்தக் கல்லை ஒரு படத்திலாவது பார்த்துவிட வேண்டும் என்று அம்மாளுக்கு ஆசை. கலெக்டர் துரைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"உம்ம அத்தான் படக்காரர்தானே? கூட்டிக்கிட்டுப் போயி எடுத்துட்டு வாரும். கல்லு பளிச்சுன்னு தெரியணும். சுத்தி மாடு, மனுஷன், கந்தல் ஒண்ணும் இருக்கப்படாது. துரை பாத்துட்டுத்தான் சீமைக்கு அனுப்புவாரு" என்றார் சிரஸ்தார்.

கல்லுக்குத்தானே படம்? கல் வாயைத் திறந்து, நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கப்போவதில்லை. இதைவிட அத்தானுக்கு ஏற்ற வேலை கிடையாது என்று சந்தோஷப்பட்டேன். விடியுமுன் வண்டி கட்டி, பெட்டி, முக்காலி, கண்ணாடித் தகடுகள், கறுப்புத் துணி எல்லாவற்றையும் வைக்கோலுக்குள் பொதிந்து ஏற்றிக்கொண்டு, நாங்குநேரிச் சாலையில் போய்ப் பிரிந்து, பனங்காட்டுக்குள் இறங்கினோம்.

கோட்டை என்று அங்கே ஒன்றும் இல்லை. நீளமாக ஒரு மண்மேடு. மதில் நின்ற இடம். அதன் அடியில் சுண்ணாம்பு பூசிய தூண் ஒன்று, ஆள் உயரத்துக்கு மேலே. நடுவில் இங்கிலீஷ் எழுத்து வெட்டிய கறுப்புக் கல். கிட்டே போய்ப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. தூண் முழுக்க மஞ்சளும் குங்குமமும். அடியில் சுருட்டுகள், கருப்பட்டி, பயினி ஊற்றி வைத்த கலயம். பதநீரை எங்கள் பக்கம் பயினி என்போம். தூணின் கழுத்தில் பழைய தளைநார்கள் மாலை மாலையாகத் தொங்கின. பனை ஏறுகிறவன் காலில் மாட்டிக்கொள்ளும் நார் வளையம் அது. இதைப் படம் பிடித்துக்கொண்டு போனால் சிரஸ்தார் என்னைத் தூணில் கட்டுவார்.

பக்கத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயசு இருக்கும். கலயம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏ அம்மா, யாரு இதெல்லாம் இங்கன வச்சது? எடுங்க, எடுங்க. சர்க்கார் கல்லு இது" என்று நான் சத்தம் போட்டேன்.

"எடுக்கக் கூடாதய்யா. எம்மவன் மரத்துல நிக்கான்" என்றாள்.

அவள் கைகாட்டிய பக்கம் அண்ணாந்து பார்த்தேன். உச்சியில், மட்டைகளுக்கு நடுவே ஒருவன் பாளை சீவிக்கொண்டிருந்தான். கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகவில்லை என்றாள்.

"அவன் மரத்துல நின்னா இந்தக் கல்லுக்கு என்ன?"

"இது விழுந்த துரைல்லா. விழுந்து செத்தவரு. விழுதவன் வலி விழுந்தவருக்குத்தானே தெரியும்? அதான் எங்காளுக விழாமப் பாத்துக்கிடுதாரு. எங்க மாமியா கல்யாணமாயி வந்த புதுசுல ஒரு வேதக்கோவில் உபதேசியாரு இந்தப் பக்கமா வந்து, எழுத்தைப் படிச்சுச் சொன்னாராம். 'இங்கே விழுந்தார்'னு."

நான் எழுத்தைப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. இங்கிலீஷில் விழுவதற்கும் சண்டையில் சாவதற்கும் ஒரே வார்த்தை. அந்த உபதேசியார் சொல்லுக்குச் சொல் மாற்றிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பனையேறிகள் ஊரில் 'விழுந்தார்' என்றால் வேறு என்ன அர்த்தம்? பட்டாளத்து அதிகாரி பனைக்குக் காவல்தெய்வம் ஆகிவிட்டார்! எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"போன வருசம் மக பேறுகாலத்துக்குப் போயிட்டேன். துரைக்குச் சுருட்டு வைக்க ஆளில்ல. அந்த வாரம்தான் எம் வீட்டுக்காரரு விழுந்தாரு" என்றாள் அவள், கலயத்தைப் பார்த்துக்கொண்டே. "அன்னையிலருந்து நான் எங்கயும் போறதில்ல."

நான் முகத்தைக் கல்லின் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அத்தான் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கினார். முக்காலியை விரித்துக்கொண்டே, "இருக்கது அப்படியே இருக்கட்டும்லே. இப்படியே எடுத்துருவோம்" என்றார்.

"நல்லா இருக்கு அத்தான்! சுருட்டும் கருப்பட்டியுமா இந்தப் படம் போச்சுன்னா, கலெக்டர் துரை நாளைக்கே இதுக்கு வேலி போட்டுக் காவலுக்கு ஆள் வைப்பாரு. அப்புறம் இவங்க கிட்டப் போகக்கூட முடியாது" என்றேன்.

"வேலியா?" என்று அவள் எழுந்துவிட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று. கொஞ்ச நேரம் மரத்தையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். "அவன் கீழ இறங்கட்டும். அவன் தரையில நிக்கும்போது நானே எல்லாத்தையும் எடுத்து வைக்கேன். நீங்க எடுத்துக்கிடுங்க. அடுத்த மரம் ஏறுததுக்கு முன்ன திருப்பி வச்சிருதேன்."

அத்தான் தலையாட்டினார். "கல்லைத்தானே கேட்டிருக்காக. கல்லு இருக்குதபடி இருக்கும்" என்றார்.

அப்பாடா என்று நான் மேட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் தாமதம், அவள் அத்தானிடம் கேட்டாள்.

"ஐயா, நீங்க படிச்சவுக. போன மாசம் இங்கன வந்த போலீஸ்காரரு, 'இது வேற என்னமோ கல்லு, பனைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல'ன்னு சொல்லிச் சிரிச்சாரு. அன்னையிலருந்து நெஞ்சு திக்கு திக்குங்கு. நெசமாவே விழுந்தவருன்னுதானே எழுதியிருக்கு?"

கை காதுக்குப் போயிற்று. கர்த்தாவே! நான் பாய்ந்து போய் அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

"ஆமா, தாயி. இங்கே விழுந்தார்னுதான் எழுதியிருக்கு."

எனக்கு உயிர் வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம் அவள்.

"எங்கேருந்து விழுந்தாரு?"

"அத்தான்!" என்றேன்.

"கோட்டை மதில்லேருந்து" என்றார் அத்தான். "ஏணி போட்டு ஏறியிருக்காருன்னு கீழ் வரியில எழுதியிருக்கு. மேல போயி எட்டும்போது அடிச்சுத் தள்ளிட்டாக. பனையிலருந்து இல்ல, தாயி. சண்டையில."

"யாரு தள்ளினது?"

"கோட்டைக்குள்ள இருந்தவுக."

பனையோலை சரசரவென்று அடித்துக்கொண்டது. மேலேயிருந்து அவள் மகன், "ஏம்மா, யாரு வந்திருக்கா?" என்று குரல் கொடுத்தான். அவள் தூணையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அத்தானைக் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும்போல் இருந்தது. மகன் உச்சியில் நிற்கிறான். இவள் பற்றிக்கொண்டு நின்றதை இவர் பிடுங்கிப் போட்டுவிட்டார். வாத்தியார் மகள் அடுக்களையில் உட்கார்ந்து அழுதது என் கண் முன்னால் வந்தது.

"கோட்டைக்குள்ள இருந்தது எங்காளுகள்லா" என்றாள் அவள், பைய. "எங்க பூட்டன் மதில் காவலுக்குப் போனவருன்னு சொல்லுவாக."

"இருக்கும்" என்றார் அத்தான்.

அவன் இறங்க ஆரம்பித்தான். இறங்கித் தரையில் கால் வைக்கும்வரை அவள் இமை கொட்டவில்லை. பிறகு தூணருகே போனாள். தளைநார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சுருட்டையும் கருப்பட்டியையும் மடியில் வாங்கிக்கொண்டாள். முந்தானையால் மஞ்சளைத் துடைத்தாள். கோபமா, துக்கமா, ஒன்றும் தெரியவில்லை. இனி இவற்றை இவள் திருப்பி வைக்கப் போவதில்லை என்றே நான் நினைத்தேன். அத்தான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார், மூடியைக் கழற்றினார், போட்டார். சீமை அம்மாளுக்கு வேண்டிய கல் பளிச்சென்று தகட்டில் ஏறிவிட்டது.

"ஆச்சு, தாயி" என்றார்.

அவள் தூணின் முன்னால் வந்து நின்றாள்.

"எங்க மாமியா காலத்துலருந்து கேட்டுக்கிட்டே இருக்கோம். அதைக் குடும், இதைக் குடும், ஆளைக் காப்பாத்தும்னு. தள்ளிவிட்ட வீட்டுலருந்து ஒருத்தியாவது வந்து, பொறுத்துக்கிடுமய்யான்னு ஒரு வார்த்தை சொன்னதுண்டா? தெரியாமப் போச்சே!"

குனிந்து தளைநார்களைத் திருப்பிக் கட்டினாள். கருப்பட்டியை வைத்தாள். சுருட்டைத் தானே பற்றவைத்துத் தூணடியில் வைத்தாள். பிறகு கல்லில் கையை ஊன்றி, எதிர்வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"ஏ துரை, எங்காளுக உம்மைத் தள்ளினது தள்ளினதுதான். உம்மைப் பெத்தவ எங்கன இருந்து அழுதாளோ. அந்தப் பழியை எம்மேல வச்சுக்கிடும். எம்மவனைத் தள்ளிராதேயும்."

மகன் அதற்குள் அடுத்த மரத்தடியில் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் பனையைக் கட்டிப்பிடித்து ஏற ஆரம்பித்ததும் அவள் அத்தான் பக்கம் திரும்பினாள்.

"தள்ளமாட்டாருல்லா, ஐயா?"

இவரைப் போயா கேட்க வேண்டும்! 'எனக்கெப்படித் தெரியும்?' என்று சொல்லப்போகிறார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தள்ளமாட்டாரு, தாயி" என்றார் அத்தான். "நீ பயப்படாத."

நான் கண்ணைத் திறந்தபோது அவர் அவளைப் பார்க்கவில்லை. மரத்தில் ஏறிக்கொண்டிருந்தவனையே பார்த்துக்கொண்டு நின்றார். கோவிலில் ஜெபிக்கும்போதுபோல உதடு மட்டும் அசைந்தது. அவன் இறங்கி வரும்வரை பெட்டியைக் கட்டவில்லை, வண்டிக்காரன் கூப்பிட்டதற்கும் திரும்பவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.